ராஜாவின் இடது காது

"அடேய் அடைப்பக்காரா! மண்டியிடு!" என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டு நீலமேகம் படகின் அடித்தட்டில் மண்டியிடுவார். வலது முழங்கால் மடக்கென்று ஒரு சத்தம் போடும். "யம்மாடி" என்பார். பிறகு வலையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, நண்டு கடித்து அறுத்த கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தேடுவார். உத்தரவு போடாமல் அந்தக் கால் மடங்காது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. முப்பத்திரண்டு வருஷமாக ராஜா சொல்லித்தான் அது மடங்கியிருக்கிறது. பழக்கதோஷம், வேறென்ன.

ராஜா என்றால் நாடக ராஜா. பழவேற்காட்டிலிருந்து படகில் இருபது நிமிஷம் போனால் வருகிற குப்பம் நீலமேகத்துடையது. ஆடியில் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றிய மூன்றாம் நாள் அங்கே நாடகம். மற்ற ஊர்களில் நாடகம் என்றால் விடிய விடிய நடக்கும். இங்கே மத்தியானம் மூன்று மணிக்குத் தொடங்கி, விளக்கு வைப்பதற்குள் முடித்தாக வேண்டும். இருட்டினால் ஆண்கள் எல்லாரும் இறாலுக்கு வலை கட்ட ஏரிக்குப் போய்விடுவார்கள். அப்புறம் ராஜாவுக்கு யார் கை தட்டுவது? அதனால் அரிதாரம் கழுத்து வரைக்கும் வழிய வழிய, கொதிக்கிற வெயிலில்தான் அரசாட்சி.

தாத்தா காலத்துக்கும் முந்தி இருந்து ஆடுகிற ஒரே நாடகம் அது. மணிகேது மகாராஜன் யாரையும் நம்பாதவன். பெற்ற தாய் கையால்கூட ஒரு வாய் வாங்கித் தின்ன மாட்டான். வெற்றிலைப் பெட்டி சுமக்கிற அடைப்பக்காரன் மடித்துக் கொடுத்தால் மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்வான். நாடகம் முழுக்க அந்த ஒருவனைத்தான் வதைப்பான். மண்டியிடச் சொல்வான், தலைமேல் காலை வைப்பான், சபை நடுவில் நாயே பேயே என்பான், நாட்டைவிட்டே துரத்துவான். பிறகு வெற்றிலைக்கு வழியில்லாமல் திரும்பக் கூப்பிடுவான். அவனும் வந்து மடித்து நீட்டுவான். அவ்வளவுதான் கதை. வருஷா வருஷம் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு பார்ப்பார்கள்.

ராஜா வேஷம் ஊர்த் தலைவருக்கு. யார் தலைவரோ அவர்தான் மணிகேது. அது அந்த ஊர் வழக்கம். தொண்டை உண்டா, வசனம் வருமா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. வசனம் வந்த தலைவர் இதுவரை பிறக்கவும் இல்லை. ஆகவே அடைப்பக்காரனாக நிற்கிறவனுக்கு இன்னொரு வேலை: பெட்டியைத் தாங்கிக்கொண்டு ராஜாவின் தோளுக்குப் பக்கத்தில் நின்று, உதடு அசையாமல், ராஜாவின் வசனத்தைத் துண்டு துண்டாக அவர் காதில் போடுவது. ராஜா அதை வாங்கி ஊருக்குக் கேட்கும்படி முழங்குவார். "மண்டியிடு" என்று காதில் சொல்லிவிட்டு, அது இடியாகத் திரும்பி வந்ததும் தானே மண்டியிடுகிற உத்தியோகம் உலகத்தில் வேறு யாருக்காவது வாய்த்திருக்குமா தெரியவில்லை.

நீலமேகம் மூன்று ராஜாக்களுக்குப் பெட்டி சுமந்துவிட்டார். முதல் ராஜாவின் காதில் கடுக்கன் இருந்தது, மூக்குப்பொடி வாசனை அடித்தது. இரண்டாவது ராஜாவுக்கு எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டும். இப்போதிருப்பவர் லோகநாதன். இருபது வருஷ எஞ்சின் சத்தத்தில் அவருக்கு வலது காது மந்தமாகிவிட்டது; இடது காது பாம்புக் காது. அதற்காக நீலமேகம் பெட்டியைத் தோள் மாற்றிச் சுமக்கப் பழகிக்கொண்டார். ஒன்று சொல்ல வேண்டும், வாங்கிச் சொல்வதில் லோகநாதனுக்கு ஈடு கிடையாது. அர்த்தம் கிர்த்தம் எதையும் பார்க்க மாட்டார். விழுந்ததை விழுந்தபடி சொல்வார். ஒரு வருஷம் நடுவசனத்தில் நீலமேகத்துக்குத் தும்மல் வந்துவிட்டது. ராஜா அதையும் விடாமல், கையை ஓங்கி, "அச்சு!" என்று கர்ஜித்தார். ஆர்மோனியக்காரர் சம்பந்தம் அதற்கும் ஓர் இழுப்பு இழுத்தார்.

இந்த வேலை ஆளையே மாற்றிவிட்டது. நீலமேகம் யாரிடமும் நேருக்கு நேர் பேச மாட்டார். பக்கவாட்டில் வந்து நின்று, அடிக்குரலில், பாதி வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துவார். மீதியை எதிராளி சொல்ல வேண்டும். "சோறு..." என்பார். மனைவி பச்சையம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைப்பாள். "மூஞ்சியப் பாத்துப் பேசுய்யா. நான் இன்னா ராஜாவா?" முப்பது வருஷமாக அவள் கேட்கிற கேள்வி இது. அவர் சிரித்துக்கொண்டே அவளுடைய இடது பக்கமாக நகர்ந்து உட்கார்வார்.

பொன்னேரி பஸ்ஸில் யாராவது போனில் "அதாம்பா, அந்த... அந்த..." என்று தடுமாறினால், பின்சீட்டிலிருந்து "பட்டா" என்றொரு குரல் வரும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த ஆள் திரும்பிப் பார்க்கும்போது நீலமேகம் ஜன்னல் வழியாகத் தைலமரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணப் பேச்சில், பஞ்சாயத்தில், துக்க வீட்டில், எங்கே ஒருவருக்கு வார்த்தை முட்டினாலும் அவர் அதை எடுத்துக் கொடுத்துவிடுவார். தனக்கென்று கேட்க வேண்டிய இடம் வந்தால் மட்டும் வாய்க்குள் கொழுக்கட்டை.

லோகநாதன் அவரைவிடப் பத்து வயது சின்னவர். அரைஞாண் கயிறோடு ஏரியில் குதித்துக்கொண்டிருந்த நாளில் அவரை "டேய் லோகு" என்று கூப்பிட்டவர்தான் நீலமேகம். இப்போது "தலைவரே" என்கிறார். லோகநாதன் இவரைக் கூட்டத்தில் "நீலமேகம்" என்பார். நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது "மாமா" என்பார். திருவிழா முடிந்த மறுநாள் மறுபடியும் "நீலமேகம்" ஆகிவிடும். அந்த ஒரு வார மாமாவுக்காக மனுஷன் சந்தோஷப்படவும் செய்வார், பாவம்.

"ஒண்ணு பாத்தியா," என்று ஒருநாள் பச்சையம்மாவிடம் சொன்னார். "அந்த ஆளு நான் சொன்னத அப்படியே கேக்கறது மேடை மேலதான்."

"அப்போ மேடையிலயே கேளேன்," என்றாள் அவள், மீன் செதிள் சுரண்டிக்கொண்டே. வாய்க்கு வந்ததைச் சொன்னாளே தவிர, அவளும் அதை நினைத்துச் சொல்லவில்லை.

கேட்க ஒரு விஷயம் இருந்தது. அது இரண்டு வருஷமாக நீலமேகத்தின் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது.

ஏரியில் எவரும் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. முகத்துவாரம் பக்கம் இறால் ஓடுகிற இடங்களுக்கு முறை உண்டு. பாடு என்பார்கள். வருஷத்துக்கு ஒருதரம், நாடகத்துக்கு மறுநாள் காலையில், பாடு உரிமை உள்ளவர்களின் பேரை எல்லாம் சீட்டில் எழுதிப் பானையில் போட்டுக் குலுக்குவார்கள். சீட்டு வருகிற வரிசைப்படி இடம். பானையில் பேர் இல்லாதவனுக்கு ஏரி கண்ணுக்குத்தான் சொந்தம். வேடிக்கை பார்க்கலாம், வலை போட முடியாது. தண்ணீரில் இறங்கிக் கழி நடுகிற ஆண்பிள்ளை பேர்தான் பானையில் போடலாம். நீலமேகத்தின் முழங்கால் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மகன் கிடையாது. மகள் செவ்வந்தி இருக்கிறாள். சுண்ணாம்புக்குளத்தில் வாழப் போன இடம் ஒத்துவராமல் நான்கு வருஷத்துக்கு முன் பெட்டியோடு திரும்பி வந்தவள்.

அந்த இரண்டு வருஷமும் தண்ணீரில் இறங்கியது செவ்வந்திதான். அப்பாவைப் படகில் உட்கார வைத்து, மார்பளவுத் தண்ணீரில் நின்று, காலால் சேற்றைத் துழாவிக் கழி நட்டு, வலை கட்டி, விடியுமுன் அள்ளி வருகிறாள். ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது. "அப்பனுக்குத் தொணை" என்று சொல்லிக் கண்டும் காணாமல் விட்டது. ஆனால் பேர் என்று வந்தால் வேறு பேச்சு. நீலமேகத்தின் பேரை எடுத்துவிட்டால் அந்த வீட்டுக்குப் பாடு இல்லை. செவ்வந்தி இறால் தலை கிள்ளுகிற கம்பெனி வேனுக்காக விடியற்காலையில் ரோட்டோரம் நிற்க வேண்டியதுதான்.

"கேளு நைனா," என்பாள் அவள். "நீ கேக்கலன்னா நான் போயி கேப்பேன்."

"கேக்கறேன்மா. நேரம் பாத்து..." என்பார் இவர். மீதியை அவள் சொல்ல மாட்டாள்.

இந்த ஆடியில் நேரம் தானாக வந்தது. நாடகத்தன்று மத்தியானம், வலை வைக்கிற கொட்டகையில் லோகநாதனுக்கு ராஜ உடுப்பு கட்டிக்கொண்டிருந்தார் நீலமேகம். கொட்டகைக்குள் வேறு யாரும் இல்லை. மார்ப்பதக்கத்தைப் பின்பக்கம் இழுத்து முடி போடும்போது, இடது காதுப் பக்கமாக நின்று ஆரம்பித்தார்.

"தலைவரே, நாளைக்குக் குலுக்கல்ல..."

"அத்தத்தான் நானே சொல்லணும்னு இருந்தேன் மாமா." லோகநாதன் கண்ணாடியில் மீசை ஒட்டிக்கொண்டிருந்தார். "லிஸ்ட் எழுதியாச்சு. இந்த தபா உன் பேரு இல்ல. தப்பா நெனச்சுக்காத."

"செவ்வந்தி எறங்குறாளே."

"எறங்குது. யாரு இல்லன்றா? ஷோக்கா எறங்குது. அதுக்காவப் பொம்பள பேரு எழுத முடியுமா? நாளைக்கு ஆளாளுக்குப் பொண்ணக் கூட்டினு வந்து நிப்பான், அவனுக்கு நான் இன்னா பதில் சொல்றது? ரூல் நான் போட்டதா?" மீசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கோணலா இருக்குதா, பாரு."

"நேராத்தான் கீது," என்றார் நீலமேகம்.

அவ்வளவுதான் பேச்சு. கிரீடத்தை எடுத்து அவர் தலையில் வைத்துக் கயிற்றைத் தாடைக்குக் கீழே கட்டினார். கோபமா என்று கேட்டால் கோபம்கூட இல்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. அலுப்பு. எலும்புக்குள் இறங்கிய அலுப்பு. இத்தனை வருஷம் இந்தக் காதில் எத்தனை ஆயிரம் வார்த்தை போட்டிருப்போம், நம்முடையதென்று ஒரு வார்த்தை உள்ளே போகவில்லையே என்று நினைத்தபோது அவருக்கு அழுகை முட்டியது. அரிதாரம் கலையும் என்று அடக்கிக்கொண்டார்.

மேடை என்பது கோயிலுக்கு முன் எட்டு பெஞ்சும் அதன் மேல் பலகையும். சிம்மாசனம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் சிவப்பு ஜரிகைப் புடவை. இந்த வருஷம் லோகநாதன் பொன்னேரியிலிருந்து சட்டையில் குத்துகிற மைக் வரவழைத்திருந்தார், ராஜாவுக்கு மட்டும். தென்னைமரத்துக்கு ஒன்றாக நாலு குழாய் ஸ்பீக்கர். முதல் இரண்டு காட்சியும் குறையில்லாமல் நடந்தன. நீலமேகம் போட்டார், லோகநாதன் முழங்கினார். மண்டியிடு என்றார், இவர் மண்டியிட்டார். ராஜா காலைத் தூக்கித் தலைமேல் வைத்தபோது வழக்கம்போலப் பெண்கள் "அடப்பாவி" என்றார்கள். எழுந்திருக்கும்போது முழங்கால் கத்தியால் கீறியது போல வலித்தது. ஜமுக்காளத்தின் ஓரத்தில் செவ்வந்தி நின்றுகொண்டிருந்தாள். உட்காரவில்லை. காலையில் வலை கழற்றிய கை, விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருக்கும் என்று அவருக்கு இங்கிருந்தே தெரிந்தது.

மூன்றாவது காட்சி, தீர்ப்புக் காட்சி. ராஜா சிம்மாசனத்தைவிட்டு எழுந்து முன்னால் வந்து, கையை நீட்டிச் சபைக்கு உத்தரவு போட வேண்டும்: 'இந்த அடைப்பக்காரனின் பெயரை அரண்மனை ஏட்டிலிருந்து நீக்குங்கள்!' லோகநாதன் எழுந்தார், முன்னால் வந்தார், கையை நீட்டினார், இடது காதைச் சற்றே சாய்த்தார்.

நீலமேகத்துக்குப் பயம். அப்பட்டமான பயம்.

"இந்த அடைப்பக்காரனின்..." என்றார் காதில்.

"இந்த அடைப்பக்காரனின்!" என்றன நாலு குழாயும்.

"மகளாகிய..."

"மகளாகிய!" ராஜா கண் சிமிட்டவில்லை.

"செவ்வந்தியின் பெயரை..."

"செவ்வந்தியின் பெயரை!"

"நாளைக் குலுக்கலில்... பானையில் போடுங்கள்."

"நாளைக் குலுக்கலில், பானையில் போடுங்கள்!" என்று லோகநாதன் தொண்டை நரம்பு புடைக்க முழங்கி, வலது காலை ஒரு மிதி மிதித்து, மீசையை முறுக்கினார்.

ஆர்மோனியம் பாதியில் நின்றது. சம்பந்தம் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எங்கேயோ ஒருவர் களுக்கென்று சிரிக்க, அது அப்படியே பரவியது. லோகநாதன் கை தட்டல் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தினார். மெல்ல மெல்லத்தான், தான் சொன்னது என்ன என்பது அவர் முகத்துக்கு வந்து சேர்ந்தது. அரிதாரத்துக்கு அடியில் முகம் கறுத்தது.

"ராஜாவே சொல்ட்டாரு!" ஜமுக்காளத்திலிருந்து ஹேமாவதி எழுந்து நின்றாள். நண்டு விற்கிறவள், சந்தையில் அவள் குரல் இல்லாமல் ஏலம் நடக்காது. "கிரீடம் வச்சினு அம்மன் எதிர்ல சொல்ட்டாரு! அப்பால இன்னா? போடுயா பேர!"

"நியாயம்தானே, அந்தப் பொண்ணுதானே தண்ணில நிக்குது," என்று ஆண்கள் பக்கத்திலிருந்தும் ஒரு குரல். இன்னொன்று. மூன்றாவது. இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள்தான் எல்லாரும்.

லோகநாதன் பழக்கத்தில் இடது காதைச் சாய்த்தார். "இன்னா மாமா இது? அடுத்தது இன்னா? சொல்லு சீக்கிரம்!" அடிக்குரலில்தான் கேட்டார். சட்டையில் மைக் இருப்பது மறந்துபோயிற்று. 'அடுத்தது இன்னா, சொல்லு சீக்கிரம்' என்று நாலு தென்னைமரமும் நீலமேகத்தைக் கெஞ்சின. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

நீலமேகம் சொல்லவில்லை. பெட்டியை அணைத்துக்கொண்டு உதட்டை இறுக மூடி நின்றார். நாளைக்கு என்ன நடக்கும், இந்த மனுஷன் சும்மா விடுவானா, எதுவும் அவருக்குத் தெரியாது. எடுத்துக் கொடுத்தே பழகிய வாய் அது. மூடி வைத்திருப்பது ஈர வலையைத் தனியாளாகத் தூக்குவது மாதிரி இருந்தது. ஆனாலும் மூடியே வைத்திருந்தார்.

ராஜா ஜனங்களைப் பார்த்தார். ஜனங்கள் ராஜாவைப் பார்த்தார்கள். ஒரு முழு ஊர், ஒருவர் என்ன சொல்வார் என்று காத்திருந்தால் நேரம் எவ்வளவு நீளும் என்பது அன்றைக்குத்தான் லோகநாதனுக்குத் தெரிந்திருக்கும். வேர்வை மீசைக்குள் இறங்கி, ஒட்டிய மீசையின் ஒரு முனை கழன்று தொங்கியது.

"போடறேன்," என்றார் கடைசியில். ராஜா குரல் இல்லை, சொந்தக் குரல். "போடறேன்பா. நாளைக்குப் பானையில அந்தப் பேரும் இருக்கும். போதுமா?"

முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த மேடையில் ஒரு ராஜா தானாகப் பேசிய வசனம் அது ஒன்றுதான்.

பெண்கள் குலவையிட்டார்கள். செவ்வந்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சம்பந்தம் எதற்கும் இருக்கட்டும் என்று ஆர்மோனியத்தை அமுக்கினார். நாடகத்தில் இன்னும் ஒரு காட்சி பாக்கி. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, ஏரிக்குப் போக வேண்டியவர்கள் எழுந்து வேட்டியைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள்.

நீலமேகம் உட்கார இடம் தேடினார். அந்த மேடையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதுவரை போய், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பாடா" என்று அதில் உட்கார்ந்தார். வலது காலை நீட்டிக்கொண்டார். லோகநாதன் தொங்குகிற மீசையோடு அவர் பக்கத்தில் வந்து நின்று, அடுத்த வசனத்துக்காகக் காதைச் சாய்த்தார். உட்கார்ந்திருந்தவர் வாய்க்கு அது எட்டவில்லை. நீலமேகம் சுட்டுவிரலை மடக்கி, இன்னும் கொஞ்சம் குனியும்படி ராஜாவுக்குச் சாடை காட்டினார்.